பதினெட்டுச் சீட்டு

ஆம்பூர் சர்ச் வாலிபர் ஐக்கியத்தில் அந்த வாரம் ரகசிய சேவை. அவரவர் எடுக்கும் சீட்டில் வரும் பேருக்குரியவருக்கு, யார் செய்தது என்றே தெரியாமல் உதவ வேண்டும்.

கிருபாகரனுக்கு வந்தது வாட்ச்மேன் எலியேசர். கேட்டைத் திறக்கும்போதெல்லாம் முறைக்கிற மனுஷன்!

திங்களன்று அவருக்குத் தண்ணீர் பிடிக்கப் போனான். குடம் நிரம்பியிருந்தது. செவ்வாயன்று லாந்தருக்கு மண்ணெண்ணெய் ஊற்றப் போனான். ததும்பியது. புதனன்று ஸ்டூலில் பிரியாணி வைக்கப் போனால், ஏற்கெனவே நாலு பொட்டலம்!

செக்ரட்டரி கிளாராவிடம் ஓடினான். "ஒரே பேஜாரா இருக்கு. என் ஆளு எலியேசருக்கு வேற யாரோ செய்றாங்க!"

"உன் ஆளா? அவரு என் ஆளுப்பா!"

எல்லாருடைய சீட்டையும் வாங்கிப் பிரித்தார்கள். பதினெட்டிலும் எலியேசர்.

"யாரு எழுதினது?"

கிளாரா விழித்தாள். "ரகசியமா இருக்கட்டும்னு வெளியாள்கிட்ட குடுத்தேன். சர்ச்சுல தெரிஞ்சவங்க பேரை எழுதுங்கன்னு... வாட்ச்மேன்கிட்ட."

கும்பலாகக் கேட்டுக்கு ஓடினார்கள். எலியேசர் இரண்டாவது பொட்டலத்தில் இருந்தார்.

"இன்னாண்ணா, எல்லாத்துலயும் உங்க பேரா?"

"தெரிஞ்ச பேரைத்தானே கேட்டீங்க? ஆறு மாசமா இந்த கேட்டைத் திறக்கறேன். ஒருத்தராவது பேரு சொன்னீங்களா?" அவர் ஸ்டூலை நகர்த்தினார். "பிரியாணி ஜாஸ்தியா கெடக்குது. பேரைச் சொல்லிட்டு ஒவ்வொருத்தரா உக்காருங்க."