கழுத்து வரை

தணிகாசலத்தின் கார் முன்கண்ணாடியில் காலையில் அவருடைய அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணீர் அஞ்சலி போஸ்டர். ஒட்டியது தம்பி ஞானவேல் என்று சொல்ல எங்கள் தெருவில் யாருக்கும் சாட்சி தேவைப்படவில்லை. தம்பியோடு போட்ட சண்டையில் ஆறு வருடம் அப்பாவை எட்டிப் பார்க்காத இந்த மூத்த பிள்ளை, நேற்று கொள்ளி வைக்கவும் போகவில்லை. போஸ்டரில் வருந்துவோர் என்று தம்பி பெயர் மட்டும்தான். செடிக்குத் தண்ணீர் விடுகிற சாக்கில் நான் படித்துவிட்டேன். தணிகாசலம் வெந்நீரை ஊற்றி, பிளேடால் கீழிருந்து சுரண்ட ஆரம்பித்தார். மைதாப் பசை லேசில் விடுமா? தம்பி பெயர் போயிற்று, தேதி போயிற்று, சட்டைக் காலரும் போயிற்று. கழுத்துக்கு வந்ததும் பிளேடு நின்றுவிட்டது. எங்கே ஒளிந்து பார்த்துக்கொண்டிருந்தானோ, மொட்டைத் தலையோடு ஞானவேல் வந்து நின்றான்.

“ஏண்ணே நிறுத்திட்ட? சுரண்டு. உசுரோட இருந்தப்பவே அவர சுரண்டினவன்தானே நீ.”

“ஒட்டினவன் நீ. நீயே எடுடா.” தணிகாசலம் பிளேடை நீட்டினார்.

ஞானவேல் அதைப் பிடுங்கிக்கொண்டு பானெட்டின் மேல் சாய்ந்தான். அதே கழுத்தில் அவன் கையும் நின்றது.

“என்னடா, கை வரலியா?”

“வாய மூடு.”

இரண்டு பேரும் நகரவில்லை. வெயில் ஏற ஏற, ஈரத்தில் உப்பியிருந்த அப்பாவின் முகம் சுருக்கமெல்லாம் நீங்கி, கண்ணாடியோடு இறுகத் தொடங்கியது.