விற்பனைக்கு நின்ற ஸ்கூட்டர்

எத்தனை டாக்டர்கள் பார்த்தும் பூனைக்கு என்ன நோய் என்று தெரியவில்லை; பில் மட்டும் கொழுத்துக்கொண்டே போனது. பூனையை வளர்த்த தமயந்தி, தன் ஸ்கூட்டரை விற்கத் துணிந்தாள்.

“என்னால்தானே அண்ணே?” என்று பூனை ஸ்கூட்டரிடம் முனகியது.

“அதுதானே எனக்குப் பெருமை! எதிர்வீட்டு வண்டியை மைலேஜ் இல்லையென்று தள்ளிவிட்டார்கள். வாங்க வருகிறவர் ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டால், ஓர் உயிரைக் காப்பாற்ற என்று தமயந்தி சொல்வாள்.”

“நான் பிழைக்காவிட்டால்?”

ஸ்கூட்டர் சற்று யோசித்தது. “அப்புறம் நான் வெறும் பழைய வண்டி. சாயங்காலம் ஆள் வருகிறார். அதற்குள் கொஞ்சம் சாப்பிடேன்.”

சில நாட்களாகத் தட்டைத் தொடாத பூனை, மருந்து கலந்த மீனை முகர்ந்து முகம் சுளித்தது. பிறகு, ஸ்கூட்டரின் மானத்துக்காக ஒரு வாய் தின்றது.