பள்ளத்துப் பங்கு

பெட்டி மிதந்தது.

கயிற்றை உருவியதும் தலைமாடு மெல்ல மேலே வந்தது. பிறகு கால்மாடு. குழிக்குள் ஊறி நின்ற கலங்கல் நீரில் அய்யாவின் பெட்டி ஒருபக்கமாய்ச் சாய்ந்து, குழிச்சுவரில் முட்டி நின்றது.

குழிக்கரையில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

குழிவெட்ட வந்த காத்தமுத்து கழியால் அழுத்திப் பார்த்தார். அழுத்திய பக்கம் தாழ்ந்தது. மறுபக்கம் எழுந்தது.

“மேல கல்லு ஏத்தலாம்ல?” என்றார் ஜெபம் சொல்ல வந்த உபதேசியார்.

கல்லுக்கு எங்கே போவது. கண்மாய்க்குக் கீழே கிடக்கும் இந்தப் பள்ளத்தில் நகக்கண் அளவு கல்கூடக் கிடையாது. மண், மண், அதன் கீழே சேறு.

அவன் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான். மூத்த மகன். நிலம் அவனுடையது.

அந்த ஊரில் பொதுக் கல்லறைத் தோட்டம் இல்லை. செத்தவர்களை அவரவர் நிலத்தில்தான் அடக்கம் செய்வார்கள். அய்யா கேட்டது இந்த நிலத்தை அல்ல.

“என்னைய ஒங்காத்தா பக்கத்துல போட்டுருடா.”

ஆத்தா கிடப்பது மேட்டில். செம்மண். எத்தனை மழை பெய்தாலும் தண்ணீரைப் பிடித்துவைக்காத மண். பாகம் பிரித்தபோது மேடு தம்பி இஞ்ஞாசிக்குப் போயிற்று. பள்ளம் இவனுக்கு வந்தது. அன்றோடு பேச்சு நின்றது.

அய்யா கண்ணை மூடியதும் உபதேசியார் அவனைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

“அவங்கிட்டப் போயி நிக்க மாட்டேன். என் பங்குலயே போடுங்க.”

காலையில் இஞ்ஞாசி வந்தான். அய்யாவின் கால்களில் முகத்தை வைத்துக் கொஞ்ச நேரம் கிடந்தான். எழுந்தான். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டான்.

இவனும் கூப்பிடவில்லை.

குழிக்கு முதல் வெட்டு விழுந்தபோதே நிறுத்தியிருக்கலாம்.

மேலே உப்புப் பூத்து வெளுத்திருந்தது. அதன் கீழே கருங்களி. கோடையில் முழங்கை வரை உள்ளே போகும்படி வெடித்துக் கிடந்த அதே களி, அடைமழையில் உப்பி வாய் மூடியிருந்தது. இன்னும் கீழே போகப் போக மண் சாம்பல் நிறமானது. செத்த வேர்களைச் சுற்றித் துருப்பிடித்த கோடுகள். அதற்கும் கீழே, வெயிலும் காற்றும் எட்டாத ஆழத்தில், நீலம் பாய்ந்த சேறு. கெட்ட முட்டை நாற்றம் குப்பென்று வந்தது.

காத்தமுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“தண்ணி ஊறுதே. வேற எடம் பாப்பமா?”

“வெட்டுங்க” என்றான்.

வருடத்தில் பாதி நாள் குடிதண்ணீருக்கு அலைகிற ஊர். மழை வேண்டி அய்யா முழங்காலிட்ட நாட்களுக்குக் கணக்கில்லை.

“யாராச்சும் மேல ஏறி நின்னாத்தான் அமுங்கும்.”

கழியைக் கரையில் போட்டுவிட்டுக் காத்தமுத்து இதைச் சொன்னபோது யாரையும் பார்க்கவில்லை.

யாரும் நகரவும் இல்லை.

அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கினான். தண்ணீர் தொடையைத் தொட்டது. அடியில் சேறு கணுக்காலைக் கவ்வியது. குழிச்சுவரைப் பிடித்துக்கொண்டு மூடிமேல் ஒரு காலை வைத்தான். கால்மாடு உள்ளே போயிற்று. தலைமாடு எழுந்து அவன் பக்கம் வந்தது.

நடுவில் நிற்க வேண்டும்.

நடுவில் என்றால் அய்யாவின் நெஞ்சு இருக்கும் இடம்.

கடைசி நாட்களில் இழுப்பு வரும்போதெல்லாம் அந்த நெஞ்சைத் தடவிக்கொடுத்தவன் அவன்தான். அழுத்தாமல், உள்ளங்கையின் சூடு மட்டும் படும்படி.

நின்றான்.

பெட்டி தாழ்ந்தது. பலகை இடுக்குகளிலிருந்து குமிழிகள் கிளம்பின. ஒவ்வொன்றாய் வந்து அவன் முழங்காலருகே உடைந்தன.

“போடுங்க” என்றான். இன்னொரு முறை சொன்னான்.

மண் விழுந்தது. உதிரி மண் அல்ல, கட்டி கட்டியாய்க் களி. நீர் தெறித்து அவன் வாயில் பட்டது. உப்பாய்க் கரித்தது.

கண்மாய்க் கரையில் யாரோ ஓடி வந்தார்கள்.

இஞ்ஞாசி. மேலுக்குச் சட்டை இல்லை. வேட்டிக்கு மேல் இடுப்பில் துண்டு. முழங்கை வரை செம்மண். முழங்காலிலும் செம்மண். குழியின் விளிம்புக்கு வந்து மூச்சு வாங்கினான். தண்ணீரைப் பார்த்தான். பெட்டியைப் பார்த்தான். அதன்மேல் நின்ற கால்களைப் பார்த்தான்.

மண்வெட்டிகள் நின்றன.

“ஆத்தா பக்கத்துல குழி வெட்டி வச்சிருக்கேண்ணே” என்றான். “எப்பிடியும் நீ ஆளனுப்புவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்.”

அவன் குனிந்து தன் கால்களைப் பார்த்தான்.

“நல்லாக் காஞ்ச மண்ணுண்ணே அது.”

அவன் பெட்டியை விட்டு இறங்கினான்.

பெட்டி உடனே மேலே வந்தது. மூடி முழுக்கக் களி அப்பியிருந்தது. நடுவில் மட்டும், களி விழாத இடத்தில், புதுப்பலகையின் நிறத்தில் இரண்டு பாதங்கள்.

இஞ்ஞாசி குழிக்குள் குதித்தான். இடுப்புத் துண்டை அவிழ்த்து, பாதங்களின் விளிம்பிலிருந்து தொடங்கி மூடியைத் துடைத்தான். தடம் தெரியாமல் போகும் வரை துடைத்தான்.

அண்ணனின் முகத்தை அவன் பார்க்கவே இல்லை.