ஆலா நீட்டிய மீன்

முப்பத்தொரு வருடமாக அந்தத் தீவில் ஆலாக்களின் கூடுகளை எண்ணி வந்தவர் டாக்டர் பரிமளம். அந்தக் கடற்பறவைகள் கொத்திக் கிழித்த தொப்பிகளைக் கொண்டு ஒரு கடையே வைக்கலாம். அவர் மண்டையில் போட்ட தையலைப் பிரித்தால் ஒரு வலை பின்னிவிடலாம். இது கடைசிக் கணக்கெடுப்பு. நாளை ஓய்வு, கரையில் பிரிவு உபசாரத்துக்குச் சாமியானாகூடப் போட்டாயிற்று. ஆனால் இன்று அவர் கூடுகளுக்கு நடுவே நடந்தபோது ஒன்றுகூடக் கத்தவில்லை, கொத்தவில்லை. இரண்டு லட்சம் பறவைகளும் சற்றே ஒதுங்கி வழிவிட்டன.

படகில் நின்ற படகோட்டி கஸ்பார் சிரித்தார். “உங்கள ஒரு ஆளாவே மதிக்கலையே மேடம்.”

“ஆளா இல்ல கஸ்பாரு, ஆலா. சொந்தத்துல சேத்துக்கிச்சு போல.”

அப்போது ஓர் ஆண் ஆலா அவர் எதிரில் வந்து இறங்கியது. அலகில் ஒரு வெள்ளி மீன். தலையைத் தாழ்த்தி அதை நீட்டியது. அதன் அர்த்தத்தைப் பற்றி ஆய்வேடு எழுதியவரே பரிமளம்தான்: பெண் அந்த மீனை வாங்கிக்கொண்டால் ஜோடி சேர்ந்தாயிற்று, அப்புறம் தீவை விட்டுப் போகாது.

கஸ்பாரின் சிரிப்பு நின்றுபோனது. “வாங்கிராதீங்க மேடம். தண்ணி வத்துது, வந்து ஏறுங்க.”

‘இதோ வர்றேன்’ என்று சொல்லத்தான் பரிமளம் வாயைத் திறந்தார். ஆலா ஓர் அடி முன்னால் எடுத்து வைத்தது. திறந்த வாயை மூடாமலே அவர் மீனை நோக்கிக் குனிந்தார்.