எல்லையில் ஒரு கட்டில்

ஊர் எல்லைப் பலகையின் நிழல் செம்மண் சாலையில் நீண்டு கிடக்கிறது. மதுக்கடைச் சமையல்காரி ரோவீனா கையாட்டிக் கையாட்டி வழிகாட்ட, நான்கு பேர் கிளைவ் படுத்திருக்கும் இரும்புக் கட்டிலைக் கிரீச்சிட இழுத்து வருகிறார்கள். இன்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. ராத்திரி யார் எங்கே படுக்கிறாரோ அந்த ஊர்க் கணக்கில் சேர்வார். ஓப்பல் கல் விற்றுக் கொழுத்த கிளைவைச் சேர்த்தால் ஊரின் சராசரி வருமானம் எகிறிவிடும், ஏழை ஊர்களுக்கு வரும் மருத்துவ வண்டி நின்றுவிடும். அவனை விட்டுவிட்டாலோ வண்டி வரத் தேவையான இருபது தலை தேறாது. அப்போதும் வண்டி வராது. "நான் அம்மா வீட்டுக்கு மணிலா போயிருந்தப்ப இந்த ஊர்ல ஆசியாவே இல்லாமப் போச்சு. அப்ப எவனாவது கட்டில் தூக்கினீங்களா?" என்கிறாள் ரோவீனா. நால்வரில் ஒருவனான ஆர்ச்சி சிரித்த சிரிப்பில் கட்டில்கால் அவன் பாதத்திலேயே இறங்குகிறது. அவள் தலையணையைத் தட்டிப் பலகைக்கு இந்தப் பக்கம் வைக்கிறாள். பணப்பையோடு கிளைவின் கால்சட்டையை உருவி அந்தப் பக்கத்து வேலிக்கம்பியில் மாட்டுகிறாள். "தலை எங்களுக்கு, பை அவங்களுக்கு." தென்கோளத்தில் ஆகஸ்ட் குளிர்காலம்; குளிர்காற்று வீசுகிறது. போர்வைக்குள் கிளைவின் முழங்கால்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன.

"ரோவீனா, கால்சட்டையையாவது குடும்மா."

"விடியட்டும். இப்ப அது வெளியூர்."