கல்யாணத்துக்கு ஒரு நடனம்

ஞாயிற்றுக்கிழமை யாரெமாவின் மகளுக்குக் கல்யாணம். பீரங்கிப் படையில் போரிட்டு வலது காலை இழந்த அப்பா, செயற்கைக் காலோடு மகளுடன் ஒரு நடனமாவது ஆடிவிட வேண்டும் என்று உக்ரைனின் பொல்தாவா நகரத்திலிருந்த முன்னாள் படைவீரர் மையத்துக்கு வந்தார். சொல்லித்தர வந்த ஸொர்யானாவின் கையைப் பிடித்த உடனேயே அவள் இடது பாதத்தை நன்றாக மிதித்துவிட்டார்.

"ஐயோ, மன்னிச்சுக்கங்க."

"வலிக்கலைங்க, ஆடுங்க." அவள் சிரித்தாள்.

மறுபடி மிதித்தார். மறுபடியும் சிரித்தாள். ஆறாவது மிதியில் யாரெமா நின்றுவிட்டார்.

"இரும்புக் காலால மிதிக்கிறேன், வலிக்கலைங்கறீங்க. பாவம் பாக்கறீங்களா? எனக்கு அது வேணாம்."

விருட்டென்று திரும்பினார். திரும்பிய வேகத்தில் அவள் வலது பாதத்தில் ஏறிவிட்டார்.

"யோவ், கண்ணு தெரியலையா?" ஸொர்யானா துள்ளிக் குதித்தாள்.

யாரெமாவுக்குச் சந்தோஷமாகிவிட்டது. "அப்பாடா, இப்பவாவது உண்மையச் சொன்னீங்களே. முன்னாடியும் இப்படித்தானே வலிச்சிருக்கும்?"

"அது எப்படிங்க வலிக்கும்?"

நீண்ட கவுனைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். இடது காலில் இரும்புக் குழாய் மின்னியது.

"நானும் பீரங்கிப் படைதான். அதை எவ்வளவு வேணும்னாலும் மிதிங்க. என் சொந்தக் கால்னு இருக்கறது இது ஒண்ணுதான், இதை விட்டுடுங்க."