ரெண்டு பேருக்கான அடுப்பு

“நாலு மக் வேண்டாமுங்க, ரெண்டு போதும். குடிக்கப் போறது ரெண்டே பேருதான்.”

கதிர்வேல் பெட்டியைத் திருப்பித் தள்ளினார். மலையேறுகிறவர்களுக்குக் கூடாரமும் பையும் விற்கும் அந்தக் கடைக்கு அவரும் மனைவி சுபஸ்ரீயும் வந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. கடைக்காரர் முருகேஷ் அதற்குள் ஐந்தாறு அடுப்புகளை எடுத்துக் காட்டிவிட்டார். கொஞ்சமும் முகம் சுளிக்காத மனிதர்.

“அப்ப இதைப் பாருங்ண்ணா. அடுப்பு, கேஸ் டப்பா, ரெண்டு ஸ்டீல் மக், எல்லாமே இந்தப் பாத்திரத்துக்குள்ள அடங்கிரும். அக்கா கைப்பையிலயே போட்டுக்கலாம்.”

“டீ கொதிக்க எவ்வளவு நேரமாகுமுங்க?”

“மூணு நாலு நிமிசமாகும்.”

“அதைவிட வெரசா கொதிக்கறது இல்லீங்களா?”

“மலை மேல போயி உக்காந்துட்டு என்னங்ண்ணா அவசரம்?” என்று சிரித்தார் முருகேஷ்.

சுபஸ்ரீக்குச் சிரிப்பு வரவில்லை. “அவசரந்தானுங்க. நாங்க பாக்கப் போறவரு கோவக்காரரு. நேரமாச்சுன்னா எந்திரிச்சுப் போயிருவாரு. இவரோட உசுரக் காப்பாத்துனவருங்க அவரு.”

போன மாதம் நடந்தது அது. கதிர்வேலின் பனியன் கம்பெனியில் ஆட்களெல்லாம் சாப்பிடப் போயிருந்த நேரம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நூல் மூட்டைகளுக்கு நடுவே சரிந்து விழுந்தார். அந்த வழியாகப் போனவர் ஒருவர் பார்த்துவிட்டு ஓடிவந்து, ஒற்றை ஆளாகத் தூக்கிக் காரில் போட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆள் இல்லை என்றார் டாக்டர். வெளியே பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்த அந்த மனிதர், கதிர்வேல் கண் விழித்துவிட்டார் என்று தெரிந்ததும் முகத்தைக்கூடக் காட்டாமல் கிளம்பிப் போய்விட்டார். அவர் யாரென்று சுபஸ்ரீ சொன்ன நாளிலிருந்து கதிர்வேலுக்குச் சோறு இறங்கவில்லை. நேரில் போய்க் கையெடுத்துக் கும்பிட்டால்தான் மனசு ஆறும் போலிருந்தது.

“அவரு மலையிலயா இருக்காரு? பாரஸ்ட்டுல வேலைங்களா?” என்று கேட்டார் முருகேஷ்.

கதிர்வேல் மக்கை உருட்டி உருட்டிப் பார்த்தார். “அங்க போனா எனக்குக் குடிக்க ஒண்ணும் வழியில்லைன்னு வெச்சுக்கங்க. பத்துப் பன்னெண்டு வருசமா அந்தப் பக்கம் காலே வெச்சதில்ல.”

“அப்பத் தண்ணி, பாலு எல்லாம் இங்கிருந்தே எடுத்துட்டுப் போயிருங்க. யானை நடமாட்டம் இருந்தாலும் இருக்கும்.”

“யானையக்கூடச் சமாளிச்சரலாமுங்க,” என்று முணுமுணுத்தார் சுபஸ்ரீ. “ஏனுங்க, இங்கயே ஒருக்காப் பத்த வெச்சுப் பாருங்க. அங்க போயி அவரு முன்னாடி திருதிருன்னு முழிக்காதீங்க.”

ஒரு கம்பெனியையே கட்டி ஓட்டுகிறவருக்கு அந்தக் கையகல அடுப்பின் திருகு பிடிபடவில்லை. முதலில் கேஸ் சீறியது, தீ வரவில்லை. அப்புறம் தீ வந்தது, பயந்து கையை இழுத்துக்கொண்டார். முருகேஷ் பொறுமையாக இன்னொரு முறை சொல்லிக் கொடுத்ததும்தான் நீலமாக எரிந்தது. கதிர்வேல் முகத்தில் அன்றைக்கு முதன்முதலாக ஒரு நிம்மதி தெரிந்தது.

“இதையே குடுங்க. நல்லா இருப்பீங்க தம்பி.”

வழியில் ஒரு மளிகைக் கடையில் தண்ணீர் பாட்டில், பால் பாக்கெட், டீத்தூள், சர்க்கரை எல்லாம் வாங்கினார்கள். கார் மலைப் பக்கம் போகவில்லை. அவர்கள் வீட்டு வாசலிலேயே வந்து நின்றது. கதிர்வேல் பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். தன் வீட்டுக்குள் போகாமல், மனைவியோடு தெருவைத் தாண்டி எதிர்வீட்டுக் கேட்டைத் திறந்தார்.

கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் அவருடைய கூடப்பிறந்த அண்ணன் மகுடேஸ்வரன். தம்பியைப் பார்த்ததும் அவருக்கு வார்த்தை தடுமாறியது.

“வா கண்ணு, உள்ள வா. நெஞ்சுவலி தேவலையா?” என்றவர் சமையல்கட்டிலிருந்த மனைவி பக்கம் திரும்பி, “மருதா, தம்பியும் அம்மிணியும் வந்திருக்கறாங்க, காப்பி வை,” என்று குரல் கொடுத்தார்.

“காப்பி வேண்டாமுங்ண்ணா,” என்றார் கதிர்வேல்.

மகுடேஸ்வரனின் முகம் சுருங்கிப் போனது. “உசுரு போயி வந்தும் உன்ர வீம்பு போகல பாரு. அப்பறம் எதுக்குடா வந்தே?” என்று நாற்காலியை விட்டு எழுந்தார்.

கதிர்வேல் தரையில் உட்கார்ந்து பையைப் பிரித்தார். அடுப்பு ஒரே திருகில் பற்றிக்கொண்டது. பாத்திரத்தில் பாலையும் தண்ணீரையும் ஊற்றிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணனை நிமிர்ந்து பார்த்தார்.

“பாகம் பிரிச்ச அன்னிக்கு, இனி உங்க ஊட்டுல பச்சத்தண்ணி தொடமாட்டேன்னு மாரியாத்தா முன்னாடி சூடம் அணைச்சுட்டனுங்ண்ணா, ஆத்தாகிட்டச் சொன்னதை மீறப் பயமா இருக்குது. அதான் அடுப்புலிருந்து தண்ணி வரைக்கும் கடையிலயே வாங்கிக் கொண்டாந்துட்டேன், செத்த உக்காருங்க, உங்ககூட ஒரு வாய் டீ குடிக்கோணும்.”